பஸ் வந்தால்தான் பெத்லகேமில் கடை திறக்கும்!
புனித பயணம் நின்றால் யாருக்கு நஷ்டம்?

ஏசு கிறிஸ்து பிறந்த ஊர் பெத்லகேம். அந்த ஊருக்குச் சோறு போடுவது யாத்திரிகர்கள்தான்.

டூரிஸ்ட் பஸ் வந்து நின்றால் ஓட்டல் திறக்கும், கடை திறக்கும், கைடுக்கு வேலை கிடைக்கும். பஸ் வராவிட்டால் எல்லாம் பூட்டுதான்.

2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி இஸ்ரேலுக்குள் ஹமாஸ் தாக்கியது. அதைத் தொடர்ந்து காசாவில் போர் மூண்டது. விமானங்கள் ரத்தாயின. பஸ்களும் நின்றன.

அடி விழுந்தது பெத்லகேம் கடைக்காரருக்கு மட்டும்தானா? இல்லை. ஆயுளில் ஒரு தடவையாவது ஜெருசலேமைப் பார்த்துவிட வேண்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தாரே நம் ஊர் குமாஸ்தா, அவருக்கும்தான்!

10 கிலோ மீட்டர், நடுவில் சுவர்

2019-ல் இஸ்ரேலுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 45 லட்சம் பேர். அதுவரை அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. அடுத்த வருஷமே கொரோனா. அதிலிருந்து எழுந்து உட்காரும்போது போர். 2024-ல் வந்தவர்கள் 10 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

இஸ்ரேல் கணக்குக்கும் பெத்லகேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

பெத்லகேம் 1995 முதல் பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள ஊர். அதற்கென்று விமான நிலையம் கிடையாது. யாத்திரிகர்கள் டெல் அவிவ் அருகே இறங்க வேண்டும். அல்லது ஜோர்டான், எகிப்து வழியாகத் தரை மார்க்கமாக வர வேண்டும். எப்படி வந்தாலும் எல்லையில் இருப்பது இஸ்ரேல் அதிகாரிகள்தான்.

ஜெருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 10 கிலோ மீட்டர். ஆனால் நடுவில் நெடிய கான்கிரீட் சுவர், சோதனைச் சாவடி. கேட்டைச் சாத்திவிட்டால் அவ்வளவுதான். பக்கத்து ஊர், ஆனால் போக முடியாது.

அங்குள்ள ஏசு பிறப்பு ஆலயத்தின் வாசல் 4 அடி உயரம்தான். பெரிய மனிதரானாலும் சின்ன மனிதரானாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்த வாசலில் வழக்கமாக நீண்ட கியூ நிற்கும். போர்க்காலத்தில் காற்று வாங்கியது.

பெத்லகேமிலும் பக்கத்து ஊரான பெய்த் சாகூரிலும் ஆலிவ் மரத்தில் குடில், சிலுவை செதுக்குவது பரம்பரைத் தொழில். வாங்க ஆள் இல்லாமல் சரக்கு தேங்கியது. இஸ்ரேலுக்குள் கூலி வேலைக்குப் போய் வந்தவர்களின் அனுமதியும் போர் தொடங்கியதும் நிறுத்தப்பட்டது. இரண்டு பக்கமும் அடி.

2023, 2024 கிறிஸ்துமசுக்கு ஆலயத்தின் எதிரே உள்ள சதுக்கத்தில் மரமும் இல்லை, விளக்கும் இல்லை. 2025 அக்டோபரில் போர் நிறுத்தம் வந்த பிறகு, டிசம்பரில்தான் மீண்டும் விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்தது சரி. இரண்டு வருஷக் கடன் யார் அடைப்பது? ஒரு காலத்தில் அந்த ஊரில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை. இன்று சிறுபான்மை. பிழைப்பு இல்லாவிட்டால் இருப்பவர்களும் வெளிநாட்டுக்கு மூட்டை கட்டுவார்கள். பிறகு கோவில் இருக்கும், கும்பிட உள்ளூர் ஆள் இருக்காது.

ஒருத்தர் நழுவினால்...

இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் குழுவாகத்தான் போகிறார்கள். 1869-லேயே தாமஸ் குக் பாலஸ்தீனத்துக்கு ஆள் திரட்டி அழைத்துப் போனார். விசா, ஓட்டல், பஸ், மொழி எல்லாவற்றையும் ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார். கூடவே ஒரு போதகரோ பாதிரியாரோ வருவார். செலவு பங்காகும், தனியாகப் போகும் பயம் இல்லை.

ஆனால் குழுவில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒருத்தர் செய்யும் தப்புக்கு எல்லோரும் மாட்டுவார்கள்.

2023 ஜூலையில் கேரளாவிலிருந்து சென்ற குழுவில் 7 பேர் அங்கே காணாமல் போனார்கள். வேலை தேடி நழுவியதாகச் சந்தேகம். மிச்சம் இருந்தவர்களை நகர விடாமல் நிறுத்தி இழப்பீடு கேட்டதாகச் செய்தி வந்து பரபரப்பு ஏற்பட்டது. சாமி கும்பிடப் போனவர்கள் தவித்துப் போனார்கள்.

மானியம் எப்போது?

தமிழக அரசு 2011-க்குப் பிறகு ஜெருசலேம் பயணத்துக்கு மானியம் தந்து வருகிறது. முதலில் தலைக்கு ரூ.20 ஆயிரம். பிறகு ரூ.37 ஆயிரம் ஆனது. கன்னியாஸ்திரிகளுக்கு ரூ.60 ஆயிரம்.

நல்ல உதவிதான். ஆனால் பிற்பாடு வந்த முறையில், பயணம் முடித்துத் திரும்பியவர்களுக்குத்தான் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். முதலில் கைப்பணத்தைப் போட வேண்டும். மொத்தச் செலவோ லட்சத்தைத் தாண்டும். வசதி உள்ளவர் சமாளிப்பார். கூலிக்காரரும் கிளார்க்கும் கடன் வாங்கித்தான் போக வேண்டும்.

பாதியில் பயணம் ரத்தானால்? போகாத பயணத்துக்கு மானியம் ஏது? கடன் மட்டும் மிஞ்சும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதிக்கொண்டன. டெல் அவிவ் விமான நிலையம் மூடப்பட்டது. சிக்கியவர்கள் ஜோர்டான், எகிப்து எல்லைக்கு ரோட்டு வழியாக ஓட வேண்டியதாயிற்று. பெரும்பாலான பயண இன்சூரன்சில் போரால் வரும் நஷ்டம் சேராது என்பதும் பலருக்குத் தெரியாது.

ஆகவே பணம் கட்டும் முன் சில கேள்விகளை ஏஜெண்டிடம் கேட்பது நல்லது. ரத்தானால் எவ்வளவு திரும்பும்? எத்தனை நாளில்? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? 'சர்ச் ஆள்தானே, நம்பலாம்' என்று ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. மத்திய அரசின் வெளியுறவுத் துறை எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கலாம். பெத்லகேமில் எத்தனை மணி நேரம்? சில குழுக்களில் அரை நாள்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி, கோவிலைப் பார்த்து, உடனே ஏறிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி அங்கே தங்கி, ஆலிவ் மரச் சிலுவை ஒன்றைச் செதுக்கியவர் கடையிலேயே வாங்கினால், அந்த ஊரில் ஒரு வீட்டிலாவது அடுப்பு எரியும்.