புதன்கிழமை மாலைக்குக் கரி எதற்கு?

"கரியில் சுட்டால்தான் ருசி. கேஸ் கிரில்லில் சுடுவதும் வீட்டு அடுப்பில் வதக்குவதும் ஒன்றுதான்." அமெரிக்காவில் கிரில் வாங்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இது. "கரியோடு மல்லுக்கட்ட முடியாதென்றால் பெல்லட் கிரில் வாங்கு" என்பது அடுத்தது. சனிக்கிழமை விருந்துக்கு இவற்றில் நியாயம் உண்டு. வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும் புதன்கிழமை மாலைக்கு இரண்டுமே பொருந்தாது.

முதலில் ருசி. மரத்தைப் போதிய காற்றில்லாமல் சூடாக்கி, புகை தரும் பொருள்களில் பெரும்பகுதியை விரட்டிய பிறகு மிஞ்சுவதுதான் கரி. சாம்பல் பூத்த நல்ல தணலில் புகை மிகக் குறைவு. அப்படியானால் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? தோலோடு ஒரு கோழித் தொடையைக் கம்பியில் வைத்துக் கவனியுங்கள். ஓரிரு நிமிடத்தில் கொழுப்பு உருகிச் சொட்டும். கீழே விழுந்த சொட்டு சுர்ரென்று பொசுங்கிப் புகையாக எழும்பி அதே கோழியின் மேல் படியும். கிரில் வாசனையில் பெரும்பங்கு அதுதான். சொட்டு விழுவது தணல் மீதா, கேஸ் பர்னருக்கு மேலிருக்கும் சூடான இரும்புப் பட்டை மீதா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இறால், குடைமிளகாய், எலும்பில்லாத நெஞ்சுக்கறி போன்றவை பத்து நிமிடத்தில் வெந்துவிடும். புகை ஏறுவதற்கு அவற்றில் நேரமே கிடையாது. கொத்சுவுக்குக் கத்தரிக்காயை கேஸ் அடுப்புத் தீயில் நேரடியாகச் சுட்டுத் தோலுரிக்கிறோமே, அதில் சுட்ட மணம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

கேஸில் சூடு போதாது என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை. தணலின் அனல் நேரடியாக இறைச்சியைத் தாக்கும். புரொப்பேன் எரியும்போதோ நீராவியும் சேர்ந்து வருகிறது. இரண்டு விரல் தடிமன் உள்ள ஸ்டேக்கின் மேல்புறம் கரியில் முறுகுவதுபோல் மலிவான கேஸ் கிரில்லில் முறுகாது. ஆனால் வார நாளில் நாம் சுடுவது பெரும்பாலும் கோழியும் மீனும் காய்கறியும்தானே. மேல்புறம் பழுக்கச் சிவப்பதற்கு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போதும். மூடியைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவைத்தால் சாதாரண கேஸ் கிரில்லின் கம்பியே அதைவிட வெகுவாகச் சூடேறிவிடும். வழித்தெடுக்காத தயிர் மசாலாவோடு இறைச்சியை அப்படியே வைத்துவிட்டு, சிவக்கவில்லை என்று கிரில்லைக் குறை சொல்லக் கூடாது.

"கரி பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?" என்பார்கள். புகைபோக்கி வடிவப் பற்றவைப்பானில் போட்டாலும் கரி சாம்பல் பூக்கப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். அதைக் கொட்டிப் பரப்பிக் கம்பியைக் காயவைக்க இன்னும் ஐந்து நிமிடம். அவசரத்துக்குப் பற்றவைக்கும் திரவத்தை ஊற்றி, அது முழுக்க எரிவதற்குள் கோழியை வைத்தால் அந்த வாடை கோழியில் ஏறிவிடும். சாப்பிட்டு முடித்தபின்னும் வேலை ஓய்வதில்லை. காற்றுத் துளைகளை அடைத்துத் தணல் அவியும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள்கூடச் சாம்பலுக்குள் நெருப்பு ஒளிந்திருக்கலாம் என்பதால், அதை மூடியுள்ள உலோக வாளியில்தான் போட வேண்டும். கேஸில் குமிழைத் திருகி, சிலிண்டர் வால்வை மூடினால் முடிந்தது.

பெல்லட் கிரில் ஓரிகன் மாநிலத்துக்காரரான ஜோ டிரேகர் 1986-இல் காப்புரிமை பெற்றது. அழுத்திய மரத்தூள் குச்சிகளை ஒரு திருகுத் தண்டு தீக்குண்டத்துக்குத் தள்ளும். மின்விசிறி ஊதித் தீயை வளர்க்கும். மாட்டு நெஞ்சுக்கறியைப் பத்து மணி நேரம் நிதானமாக வேகவைக்க அருமையான கருவி, சந்தேகமில்லை. ஆனால் அதன் புகை மணமெல்லாம் குறைந்த சூட்டில்தான். சூட்டைக் கூட்டினால் குச்சிகள் சுத்தமாக எரிந்து புகை குறைந்துவிடுகிறது. பல மாடல்கள் 260 டிகிரியோடு நின்றும்விடும். ஆக, அவசரச் சமையலில் அது தோட்டத்தில் வைத்த ஓவன் மட்டுமே. மின்சாரம் வேண்டும், குச்சிகள் ஈரம் பட்டால் உப்பித் தண்டில் சிக்கிக்கொள்ளும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல அமெரிக்க நகரங்களில் பால்கனியில் கரி கிரில்லும் பெரிய கேஸ் சிலிண்டரும் வைக்கத் தடை உண்டு. அங்கே மின்சார கிரில்தான் வழி. வாங்குவதற்கு முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த முற்றம் இருந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுடுவதாக இருந்தால் கேஸ் கிரில்லையே வாங்குங்கள். கூடவே ஒரு இறைச்சித் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். எதில் சுட்டாலும் கோழியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்ட பிறகே இறக்க வேண்டும்.