போலீஸ் மீதான புகாரை விசாரிப்பவர் யார்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல்தான் முதன்முதலாகக் காவல்துறையைக் கண்காணிக்கும் ஆணையர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தஞ்சாவூர்க்காரருக்கு அப்படியொரு தேர்தல் கிடையாது. சட்டமன்ற ஓட்டுதான் கையில் இருக்கிறது.

காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழகத்தின் 2013 காவல் சீர்திருத்தச் சட்டமோ தலைமையைக் கலெக்டரிடம் கொடுத்து, எஸ்.பி.யையே உறுப்பினராக்கியது. அடித்த போலீஸ்காரரின் மேலதிகாரி முன்னால் புகாரோடு நிற்க எந்த வயல் கூலித் தொழிலாளிக்குத் துணிச்சல் வரும்?

அந்தப் பயம் வீண் பயமல்ல: 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையால் இறந்தார்கள்.

குறுவைத் தண்ணீர், நெல் கொள்முதல் என்று பேசி திருவையாற்றிலும் பட்டுக்கோட்டையிலும் ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் இதையும் கேட்க வேண்டும்: ஆணையத்துக்கு நீதிபதியைத் தலைவராக்கச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பாரா? மழுப்புகிறவருக்கு ஓட்டுப் போட வேண்டாம்.