அக்னித் தலத்தில் காருக்கு ஹீட்டர் எதுக்கு?

சித்திரை வெயிலில் திருவண்ணாமலையில் நின்றுகொண்டு "கார் ஹீட்டரைச் சரி பண்ணணும்" என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரிய ஊர் இது. இங்கே சூட்டுக்கு என்று தனியாக ஒரு பெட்டியா? அதனால்தான் பழைய மோரிஸ், ஆஸ்டின் மாதிரி கார்களைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போவது இந்த ஹீட்டர்தான். அது தப்பு.

ஹீட்டர் ஒன்றும் பெரிய மாயம் இல்லை. எஞ்சினைச் சுற்றி வரும் சுடுதண்ணீர் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பும். பின்னால் இருக்கும் மோட்டார் விசிறி அதன் வழியாகக் காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி உள்பக்கம் பனி படிந்து பாதை தெரியாமல் போகும்போதும், போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறும் விடியற்காலையிலும் இதன் அருமை தெரியும். இன்னொன்றும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து எஞ்சின் கொதிக்கப் போகிறது என்றால், ஹீட்டரைப் போட்டால் கொஞ்சம் சூடு அந்த வழியாக இறங்கும். உள்ளே இருப்பவர்கள் வேர்த்து வழிவார்கள், ஆனால் எஞ்சின் பிழைக்கும் :)

சரி, துரு எப்படி வருகிறது? நம் ஊரில் தண்ணீர் உறையாது, அதனால் கூலன்ட் வேண்டாம் என்ற நினைப்பில் பலர் போர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். உப்புத் தண்ணீர் எஞ்சினின் வார்ப்பிரும்பையும் ஹீட்டரின் இரும்புக் குழாயையும் உள்ளிருந்தே தின்னும். அந்தச் செங்கல் நிறச் சேறு குட்டி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். உடனே ஹீட்டருக்குப் போகும் குழாயைத் துண்டித்து மூடிவிடுவார்கள். உள்ளே தங்கிய தண்ணீர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மீட்பது முடியாத காரியம் இல்லை, பொறுமைதான் வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுக்க வேண்டும் (எந்த ஸ்க்ரூ எங்கே என்பது ஒரு வாரத்தில் யாருக்கும் மறந்துவிடும்). குட்டி ரேடியேட்டரை பஞ்சர் கடை பாணியில் தண்ணீரில் அமுக்கி, மெதுவாகக் காற்று விட்டுப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். அது செம்பும் பித்தளையும் என்பதால் ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். தகரப் பெட்டியில் தளர்ந்த துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மிச்சத்துக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயிண்ட். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. பவுடர் கோட்டிங் கொடுப்பதானால் மோட்டார், ரப்பர், ஸ்பான்ஞ்ச் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அதை அடுப்பில் ஏறக்குறைய 200 டிகிரி வரை சுடுவார்கள்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லாமல் துருவின் மேலேயே பட்டி பார்த்து, பளபள கறுப்பு அடித்துத் தரும் வேலையும் நடக்கிறது. இரண்டு மழைக்காலம் தாங்குமா என்பதே சந்தேகம்! அடியில் துரு வேலையை நிறுத்துவதே இல்லை, கொப்புளம் வெடிக்கும்போதுதான் தெரியும். அப்போது தகரம் சல்லடை.

2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஹீட்டர் இருக்கிறதா என்று அந்த விதி கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வண்டியில் வந்த ஹீட்டர் இன்னொரு தடவை கிடைப்பது கஷ்டம். எடைக்குப் போட்டால் கிடைக்கும் காசு ஒரு டீ செலவுக்குக்கூட வராது.

புதுசாகச் சரி செய்த பெட்டியை மாட்டிய பிறகு, வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் வால்வைத் திறந்து ஓட்டி, தண்ணீரைச் சுற்ற விட வேண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான்!