மின்சாரம் நூற்கும் கரிநூல்

நூல் நூற்கும் கலை நமக்குப் புதியதன்று. ஆயின் மின்சாரத்தைக் கொண்டும் நூல் நூற்கலாம் என்றால் வியப்பாக இருக்கின்றதன்றோ? அங்ஙனம் நூற்ற நூலைக் கரியாக்கி, அக்கரியினுள் உலோகத் துணிக்கைகளையும் பதித்து வைக்கின்றனர் இக்கால விஞ்ஞானிகள். நமது கிணற்று நீருக்கும் இதனாற் பயன் விளையலாம் என்பதால், இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

இடியப்ப உரலை எண்ணிப் பாருங்கள். மாவை மேலிருந்து அழுத்த, துளைகள் வழியே இழைகள் இறங்குகின்றன. இங்கோ அழுத்துவதற்குப் பதிலாக மின்விசை இழுக்கின்றது. செயற்கைக் கம்பளி செய்ய உதவும் பல்பகுதியத்தைத் தக்க திரவத்திற் கரைத்து, செம்பின் உப்பொன்றையும் சேர்த்து, ஊசிக் குழாயில் நிரப்புவர். ஊசிக்கும் எதிரேயுள்ள தகட்டிற்கும் இடையே 10,000 முதல் 30,000 வோல்ற்று வரை கொடுத்ததும், ஊசிமுனைத் துளி கூம்பாகி, அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை பாயும். வழியிலேயே திரவம் ஆவியாகிவிட, தகட்டிற் படிவது நூலே. இம்முறைக்கு 1934ஆம் ஆண்டில் அன்ரன் ஃபோர்மால்ஸ் என்பவர் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். கூம்பின் கணக்கை ஆங்கிலேய அறிஞர் ஜெஃப்ரி ரெயிலர் 1964இல் விளக்கினார்.

சிரட்டையைத் திறந்தவெளியில் எரித்தாற் சாம்பலே எஞ்சும். காற்றுப் புகாமற் சுட்டாற் கரி கிடைக்கும். நூலையும் முதலிற் காற்றில் ஏறத்தாழ 250 பாகை செல்சியசிற் பதப்படுத்தி, பின்னர் நைதரசன் வாயுவினுள் 800 பாகைக்கு மேற் சுடுவர். நூல் காபனாகின்றது, செம்பின் உப்பு நுண்ணிய செம்புத் துணிக்கைகளாகி அதனுட் பதிகின்றது.

இத்துணைப் பாடு எதற்கு? ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்கிட்டால் ஒரு பங்கு நனோமீற்றர். மில்லிமீற்றர்த் தடிப்புள்ள இழையை 200 நனோமீற்றர் இழையாக்கினால், அதே பொருளின் மேற்பரப்பு 5,000 மடங்காகும். இரசாயன மாற்றம் நிகழ்வது அம்மேற்பரப்பிலேயே. கரி பற்றிக்கொண்டிருப்பதால் உலோகம் எளிதில் நீரோடு கழுவுண்டு போகாது.

இனி, நம் கிணற்றடிக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லிலே தேங்கிய மழைநீரையே நம் கிணறுகள் தருகின்றன. தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கிவிடுகின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிகுதியும் மீறிய நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குன்றி, உடல் நீலம்பாரிக்கக் கூடும்.

செம்பு பதித்த கரிநூலை மின்வாயாகக் கொண்டு நைத்திரேற்றை மாற்றும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அது நைதரசன் வாயுவாக வெளியேறின் நன்று. அமோனியாவாக மாறினால் அதனையும் அகற்றியாக வேண்டும். இத்தகைய சிக்கல்கள் தீரும்வரை கரிநூல் ஆய்வுகூடப் பொருளே.

ஆகவே தாய்மார் ஒன்றை மனத்திருத்துதல் வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமிகள் மடியும்; நைத்திரேற்றோ நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தையுள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் நலம். மாணவர்களுக்கோ, வீட்டு முற்றத்துக் கிணற்றிலேயே நல்லதோர் ஆராய்ச்சி காத்திருக்கின்றது.