சுத்திப் பாருங்க மாமா!

அக்கா போனில் அழாத குறை. ‘‘பையன் ப்ளஸ் ஒன் வந்துட்டான். பொழுதன்னிக்கும் கம்ப்யூட்டர்ல ராக்கெட் விடறான். பிசிக்ஸ்ல முப்பத்தெட்டு மார்க். நீ வந்து நாலு வார்த்தை சொல்லு. இல்லேன்னா அந்தப் பொட்டியை வித்துடப் போறேன்!’’

ஆபீசில் ஒருத்தரும் கேட்காத என் அறிவுரைக்கு இப்படி ஒரு கிராக்கியா! ஞாயிறு காலை டிபனுக்கே ஆஜராகிவிட்டேன்.

பையன் விவரமானவன். ‘‘மாமா, நீங்க ஒரே ஒரு ராக்கெட் கட்டுங்க. அப்புறம் திட்டுங்க’’ என்றான்.

விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவில் ஸ்குவாட் என்கிற கம்பெனி உருவாக்கி, 2011-ல் வெளியிட்டது. பச்சை நிறக் குள்ள ஆசாமிகள்தான் விண்வெளி வீரர்கள். ராக்கெட் கட்டும் கூடத்துக்கு வி.ஏ.பி. என்று பெயர். ஃப்ளோரிடாவில் நாசா நிஜமாகவே வைத்திருக்கும் 160 மீட்டர் உயரக் கட்டடத்தின் பெயர்தான்.

காப்ஸ்யூல், டாங்க், எஞ்சின் என்று மேலிருந்து கீழாக அடுக்கினேன். ராக்கெட் வளர வளர, கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. சின்னதாக்கிப் பார்க்கலாமே என்று மவுஸ் சக்கரத்தை உருட்டினால், காமிரா லிஃப்ட் மாதிரி மேலே போய்க் கூரையைக் காட்டியது!

‘‘இங்க சும்மா உருட்டினா ஏத்தம், இறக்கம். ஷிஃப்டை அழுத்திட்டு உருட்டினாத்தான் கிட்ட, தூரம். ரைட் பட்டனைப் பிடிச்சு இழுத்தா சுத்திப் பார்க்கலாம். விமானம் கட்டற கொட்டகைல சக்கரம் அப்படியே உல்ட்டா.’’

‘‘ஏண்டா இந்த அழும்பு?’’

‘‘ராக்கெட் உயரம், விமானம் நீளம் மாமா.’’

நியாயம்தான். ‘‘சுத்திப் பாருங்க மாமா’’ என்று இரண்டு தரம் சொன்னான். எனக்கு அவசரம். ஸ்பேஸ் பாரைத் தட்டினேன்.

ஜோராகக் கிளம்பியது. முதல் அடுக்கு கழன்றது. இரண்டாவது எஞ்சினில் நெருப்பு வந்தது, ராக்கெட் நகரவில்லை. விழுந்தது. பாராசூட்? வைத்தால்தானே!

அடுக்குகளைக் கழற்றிவிடும் டிகப்ளரை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். அது மேல் எஞ்சினின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு, நெருப்பை அடைத்துவிட்டது. அதன் மேல் அம்புக்குறி இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

‘‘கவலைப்படாதீங்க மாமா. 2013 ஜூலையில ரஷ்யாவோட புரோட்டான் ராக்கெட், மூணு சாட்டிலைட்டோட விழுந்து வெடிச்சுது. சென்சாரைத் தலைகீழா மாட்டிட்டாங்க. அதுலயும் அம்புக்குறி இருந்துது.’’

அவன் மோர் கொண்டுவரப் போனபோது, மேஜையில் கிடந்த பிசிக்ஸ் நோட்டைப் புரட்டினேன். முன்பக்கம் நாலே பக்கம் எழுதியிருந்தது. மூடப்போனவன், எதற்கோ பின்பக்கம் திருப்பினேன். பென்சிலில் இருபது பக்கம்! ஒவ்வொரு அடுக்குக்கும் எடை, எரிபொருள், வேகம், லாகரிதம். ஸியல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாடு. எந்த வாத்தியாரும் போடச் சொல்லாத கணக்கு.

அக்காவைக் கூப்பிட்டேன். ‘‘பொட்டியை விக்காதே. இந்த நோட்டைப் பின்னாலேர்ந்து பாரு.’’

அவனிடமும் சொன்னேன்: ‘‘முன்பக்கமும் நிரம்பணும்டா. பரீட்சை வரைக்கும் ராக்கெட் ஞாயித்துக்கிழமை மட்டும்.’’ தலையாட்டினான்.

போன வாரம் அக்கா மறுபடி போன். ‘‘பையன் பரவாயில்லைடா, சொன்னபடி நடந்துக்கறான். ஆனா உன் பொண்டாட்டி அழறா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல என்னடா பண்றே?’’