மைசூருப் பிரசவ ஏடும் ரத்தக் கொழுப்பும்

“கொலஸ்ட்ரால் நார்மல்தான்” என்று பரிசோதனைச் சீட்டை நிம்மதியாக மடித்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். அதே சீட்டில் இரண்டு வரி தள்ளி, டிரைகிளிசரைடு என்னும் இன்னொரு ரத்தக் கொழுப்பு கூடி 260, நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்து 34 என்றிருக்கும்.

நம்மவர்களின் சிக்கல் அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதம், எச்.டி.எல். குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். எண்ணெயையும் நெய்யையும் மட்டும் குற்றம் சொல்லி இதைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்சுலின் சொல்வதை உடல் கேளாத நிலையான இன்சுலின் எதிர்ப்பு மிகக் கடுமையாக உள்ள அரிய நோயாளிகள்தான் இதற்கு விடை தந்தார்கள். சிலருக்குச் செல்களில் இன்சுலினை ஏற்கும் வாசலிலேயே பிறவிப் பழுது. உடலில் இன்சுலின் வெள்ளமாக ஓடினாலும் டிரைகிளிசரைடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறப்பவர்களுக்கோ அது ஆயிரத்தையே தாண்டக்கூடும். எடுத்த ரத்தத்தைக் குழாயில் சற்று நேரம் வைத்தால் மேலே பால்போல் வெளுத்து நிற்கும். கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்களுடைய கல்லீரல், சர்க்கரையை அடக்கச் சொல்லும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. கொழுப்பைச் செய்யச் சொல்லும்போது மட்டும் கீழ்ப்படிகிறது. முதல் வகையினருக்கு இரண்டு கட்டளையுமே எட்டுவதில்லை. தட்டு நிறையச் சோறும் இனிப்புக் காபியுமாக வாழும் நமக்கும், குறைந்த அளவில் இரண்டாம் வகைக் கோளாறுதான்.

இந்தக் கோளாறின், அது கொண்டுவரும் இதய நோயின் வேர் கருவறை வரை போகிறது. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை 1934 முதலான பிரசவ ஏடுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. அங்கே பிறந்த 517 பேரைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டரைக் கிலோவோ அதற்கும் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதய நோய்; 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம்தான்.

அதே மருத்துவமனையில் 1997-98-இல் கருவுற்றிருந்த தாய்மார்களின் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஒன்பதரை வயதிலேயே உடல் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடியிருந்தன. அந்தப் பிள்ளைகள் இப்போது முப்பதை நெருங்குகிறார்கள். முப்பது வயது நிரம்பியவர்களுக்கான அரசுப் பரிசோதனையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். அந்தச் சீட்டில் டிரைகிளிசரைடுக்கும் எச்.டி.எல்.-க்கும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.