முதலில் எந்தச் சீட்டை இறக்குவது?

"ஏலேய், சீட்டு வெளாண்டதுக்கா தங்கம் குடுத்தாக?"

புதூரில் சித்தப்பா நம்பவே இல்லை. கல்யாண வீடுகளில் விடிய விடிய சீட்டாடுகிறவர் அவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் நம் நாட்டின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். வயது 60, 56! மொபைலில் செய்தியைக் காட்டிய பிறகுதான், "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று உட்கார்ந்தார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. 'இத்தனை பிடி எடுப்போம்' என்று ஏலம் கேட்பார்கள். ஏலம் எடுத்த ஜோடியில் ஒருவர் டிக்ளேரர். இன்னொருவர் தன் சீட்டுகளை விரித்துவைத்துவிட்டு சும்மா இருப்பார். டிக்ளேரரே இரண்டு கைக்கும் ஆடுவார். 26 சீட்டு அவருக்குத் தெரியும். மீதி 26 எதிரிகளிடம்.

துருப்பு இல்லாத ஆட்டம். 9 பிடி வேண்டும், 8 உறுதி. அந்த ஒன்றுக்கு இரண்டு வழி.

வழி 1: கிளாவரில் உங்களிடம் ஏஸ், ராஜா, ராணி, ஒரு சின்னச் சீட்டு. ஜோடியிடம் மூன்று சின்னச் சீட்டுகள். எதிரிகளின் ஆறு கிளாவரும் மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தால் மூன்று சுற்றில் தீர்ந்துவிடும். உங்கள் சின்னச் சீட்டே பிடி எடுக்கும். வாய்ப்பு சுமார் 36 சதவிகிதம்.

வழி 2: ஸ்பேடில் ஜோடியிடம் ஏஸும் ராணியும். உங்கள் கையிலிருந்து சின்ன ஸ்பேடை இறக்குங்கள். ராஜா இடப்பக்க எதிரியிடம் இருந்தால் ராணிக்குப் பிடி கிடைக்கும். வாய்ப்பு 50 சதவிகிதம்.

"ரெண்டாவதுதான்" என்றார் சித்தப்பா, யோசிக்காமல்.

ராஜா வலப்பக்கம் இருந்தால்? அவர் பிடியை எடுத்து, ஹார்ட்டினில் சேர்த்துவைத்திருப்பதை வரிசையாக இறக்குவார். ஆட்டம் முடிந்தது. கிளாவர் கையிலேயே கிடக்கும்.

கிளாவரை முதலில் ஆடினால்? மூன்று சுற்றும் நம் பிடிதான். சரியாகப் பிரிந்திருந்தால் வெற்றி. இல்லாவிட்டாலும் ஸ்பேட் வாய்ப்பு அப்படியே இருக்கும். 36-உடன் மீதி 64-ல் பாதி 32-ஐக் கூட்டினால் 68 சதவிகிதம். அதே சீட்டுகள்தான், ஆடிய வரிசைதான் வேறு. முதல் முயற்சி தோற்றாலும் அடுத்ததைக் கெடுக்கக் கூடாது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒரு வருசம் இருந்த விதை அம்புட்டையும் மொத மழைய நம்பி வெதச்சுட்டேன். மொளச்சது கருகிப்போச்சு. மறுவிதைப்புக்கு வட்டிக்கு வாங்குனேன். அதுலருந்து பாதி மூட்டையப் பிரிக்கிறதே இல்ல."

மானாவாரிக் கரிசலில் அந்தப் பாதி மூட்டைதான் அவருடைய ஸ்பேட். நான் சதவிகிதம் போட்டுச் சொன்னதை, அவர் கடன் கட்டித் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"சரி, இன்னும் ரெண்டு பேரக் கூப்பிடு. ஆடிப் பாப்போம்" என்றார்.